காதோரத்து வல்லாரை

தையற்காரரின் தலையில் வல்லாரை முளைத்தது. முடி கொட்டிய இடத்தில் முளைத்ததால் எதிர்க்கடை இஸ்திரிக்காரர் அதை ஆதாயமாகவே கருதினார். "அண்ணே, வழுக்கைக்கு வைத்தியம் பாருங்கன்னா வயலே வாங்கிட்டீங்களே!" என்றார். தையற்காரரும் சிரித்தார். இஸ்திரிக்காரர் போனபின், "யாரு இவரு?" என்று மனைவியிடம் கேட்டார்.

அவர் ஒன்றை மறந்தால் ஓர் இலை துளிர்க்கும். அதைக் கிள்ளி அவருக்கே தின்னக் கொடுத்தால் மறந்தது திரும்பும். மறுநாள் காலை மீண்டும் துளிர்க்கும். பிறர் தின்றால் அது வெறும் கீரைதான். சட்டைப் பொத்தான்களுக்குக் காஜா எடுத்துப் பழகிய மனைவியின் விரல்கள் எந்த இலை எதற்குரியது என்பதை விரைவில் அறிந்துகொண்டன. கத்தரிக்கோல் பிடிக்கும் விதம் உச்சந்தலையில் இருந்தது. வாடிக்கையாளர் முகங்கள் பிடரியில். கல்யாண நாள் நெற்றியோரம். வேண்டியவற்றைக் காலையில் ஊட்டிவிட்டுக் கடையைத் திறப்பாள். இடக் காதோரத்து இலையை மட்டும் அவள் தொட்டதில்லை. முதலில் துளிர்த்ததே அதுதான். ஏழு வயதில் காய்ச்சலில் போன மகளின் சாவு அதில் இருந்தது. மகளை அவர் மறக்கவில்லை. அவள் இல்லை என்பதை மட்டும் மறந்திருந்தார். ஒருவராவது நிம்மதியாக இருக்கட்டும் என்று மனைவி அதை விட்டுவைத்தாள்.

நிம்மதி விளையவில்லை. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அவர் மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்குப் போவார். "இன்னும் காணோமே" என்பார். "அத்தை வீட்டுக்குப் போயிருக்கா" என்பாள் அவள். சட்டை வியர்வையில் நனைய, இருட்டும்வரை தெருவையே பார்த்து நிற்பார். ஆண்டுகள் இப்படியே போயின. ஆண்டுக்கொரு கவுன் தைத்தார். வளரும் பிள்ளைக்கு ஓரத்தில் துணி விட்டுத் தைப்பது தொழில் வழக்கமாதலால், ஒவ்வொரு முறையும் பழைய அளவில் இரண்டு விரற்கடை கூட்டி வெட்டுவார். அவள் அதை வாங்கி, மடித்து, பெட்டிக்குள் வைப்பாள். ஓர் ஆண்டு, துணியை விரித்தவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

"இனிமே குத்துமதிப்பா வெட்ட முடியாது. பெரிய பிள்ளை ஆயிருப்பா. வரச் சொல்லு, அளவெடுக்கணும்."

"கொஞ்சம் கூடவே துணி விட்டுத் தைங்களேன்."

"எவ்வளவுதான் விடுறது? வரவே மாட்டேங்குறாளே. எம்மேல ஏதாவது கோவமா அவளுக்கு?"

எத்தனையோ பொய்களை அவள் சலிக்காமல் சொல்லியிருந்தாள். பெற்றவர்மேல் மகள் கோபமாக இருக்கிறாள் என்ற பொய்க்கு மட்டும் அவளால் தலையாட்ட முடியவில்லை. காதோரத்து இலையைக் கிள்ளி அவர் வாயில் வைத்தாள்.

அவர் நெடுநேரம் மென்றார். பிறகு டேப்பைச் சுருட்டத் தொடங்கினார். சுருட்டி முடிந்த பிறகும் விரல்கள் சுருட்டிக்கொண்டே இருந்தன.

"இத்தனை வருஷமும் இதை நீ ஒருத்தியேவா வச்சிருந்தே?" என்றார்.

மகள் போனபின் அன்றுதான் அவள் வாய்விட்டு அழுதாள். பள்ளிக்கூடம் விட்டது, அவர் வாசலுக்குப் போகவில்லை.

மறுநாள் அந்த இலை அதே இடத்தில் துளிர்த்திருந்தது. முந்தைய நாளைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியவில்லை. அவள் உச்சந்தலைக்குக் கை கொண்டுபோனபோது அவர் தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினார். "இங்கதான் கனக்குது. என்னன்னு தெரியல. முதல்ல இதைக் கொடு." அவள் கொடுத்தாள். அன்றுமுதல் இருவரும் சிறிது நேரம் அழுதுவிட்டே கடை திறந்தார்கள். தையற்கடை கொஞ்சம் தாமதமாகத்தான் திறக்கும் என்று தெரிந்துகொண்ட தெருவார், அதற்கேற்பத் துணி கொண்டுவந்தார்கள்.