முந்நூற்று இருபது புள்ளிகளில் நீலா

1

இந்தக் கதை என் அசட்டுத்தனத்தில் பிறந்தது. மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் நாற்பது பக்கத்துக்கு வேறொரு கதை எழுதியிருந்தேன். இணைய இதழ்க்காரர் ஒருவர், "திரையில் இவ்வளவு நீளம் யாரும் படிக்க மாட்டார்கள், ஆயிரம் சொல்லுக்குள் சுருக்குங்கள்" என்றார். புணேயில், பாணேரில் என் வீட்டில் உட்கார்ந்து ஒரு ஞாயிறு முழுக்க வெட்டினேன். சுருக்கியதை அதே கோப்பில் சேமித்தேன். நாலு மாதம் கழித்துப் பதிப்பாளர் ஒருவர் தொலைபேசியில், "புத்தகத்துல போடறோம், முழுக் கதையை அனுப்புங்க" என்றார். நான் நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் அவருக்கே கேட்டிருக்கும்.

அந்தக் கதை போனது போனதுதான். அதே முட்டாள்தனத்தை என்னைவிட நல்ல மனிதர் ஒருவர் தலையில் கட்டி, அவர் எப்படித் தப்பிக்கிறார் என்று பார்க்கலாமே என்று தோன்றியது. இந்தத் தடவை உஷார். ஒவ்வொரு வரைவும் தனித்தனிக் கோப்பு.

2

கதை_1: "மழைக்கால ஹடப்சரில், பேருந்துகள் சேற்றை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், வங்கி அதிகாரி ரங்கராஜன்—"

நிறுத்தினேன். வங்கி அதிகாரி எந்தக் கேள்விக்கும் லேசில் 'சரி' சொல்ல மாட்டார். எனக்கு உடனே 'சரி' சொல்கிற ஆள் வேண்டும். (சேறும் வேண்டாம். மழை பின்னால் தேவைப்படுகிறது.)

கதை_2: பட்டாபிராமன் புணேயில் வானிலை இலாகாவில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

இது நிற்கிறது. இவரோடு போகலாம்.

2001-இல் மகன் அனிருத் அமெரிக்காவிலிருந்து ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கி வந்தான். பட்டாபிராமன் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தார். மனைவி நீலாவை எடுப்பதுதான் பெரும்பாடு. "அசையாதே... மோவாயை இறக்கு... கொஞ்சம் இரு..." என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நீலாவின் முகத்துக்கு ரேஷன் கடை வரிசையில் நிற்கிற களை வந்துவிடும். தன் முகம் படத்துக்கு ஆகாது என்று முடிவு கட்டிக் கல்யாண ஆல்பத்தையே பரண்மேல் போட்டவள் அவள்.*

* இந்தப் பழியில் பாதி பட்டாபிராமனுடையது. 'கொஞ்சம் இரு' என்ற பிறகும் சிரிக்க முடிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள்.

அடுத்த ஜூலையில் சின்ஹகட் கோட்டைக்குப் போனார்கள். நல்ல மழை. நீலா கந்தா பஜி என்கிற வெங்காய பஜ்ஜியைச் சூட்டோடு வாயில் போட்டு, துப்பவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல் தவித்து, தவிப்பைப் பார்த்துத் தானே சிரித்தாள். கைக்குட்டையால் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த பட்டாபிராமனின் விரல் தவறுதலாக எதையோ அழுத்திவிட்டது. படத்தில் ஈரத் தலை, திறந்த வாய், இடப்பக்கம் கொஞ்சம் முன்னே நீண்ட பல்.

"ஐயே, அழிங்கோ அதை" என்றாள் நீலா. வாங்கி இன்னொரு தடவை பார்த்தாள். "சரி, இருக்கட்டும்."

3

குடும்பத்துக்கென்று ஒரு இணையப் பக்கம் தொடங்கிப் படங்களையெல்லாம் அதில் போட்டார் பட்டாபிராமன். கோயம்புத்தூரிலிருந்து தங்கை ருக்மிணி தொலைபேசினாள்.

"அண்ணா, உன் படம் நெத்திலேர்ந்து மூக்குக்கு எறங்கறதுக்குள்ள என் காபி ஆறிப்போயிடறது. சின்னதாப் போடேன்."

நாலு நாள் உட்கார்ந்து நானூற்றுப் பன்னிரண்டு படங்களையும் முந்நூற்று இருபது புள்ளி அகலத்துக்குச் சுருக்கினார். ஒவ்வொன்றுக்கும் கணினி கேட்டது: பழையதன்மேல் எழுதட்டுமா? சரி. எழுதட்டுமா? சரி. படிக்காமல் கையெழுத்துப் போடுகிற மேலதிகாரியாக இருக்கும் பாக்கியம் அவருக்கு அதுவரை வாய்த்ததில்லை. பிறகு எல்லாவற்றையும் மூன்று குறுந்தகடுகளில் பதிந்து, மணிமணியான கையெழுத்தில் பெயர் எழுதி, ஒன்றை அலமாரியில் வைத்தார். இன்னொன்று வங்கி லாக்கருக்குப் போனது, மூன்றாவது ருக்மிணிக்கு.

ஆறு வருடம் நிம்மதியாகத் தூங்கினார்.

2008-இல் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். கூடத்தின் வெறும் சுவரைப் பார்த்து நீலா சொன்னாள்: "ஏன்னா, அந்த சின்ஹகட் படத்தைப் பெரிசாப் போட்டு இங்க மாட்டணும்."

தன் படத்தை மாட்டச் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. பட்டாபிராமனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே குறுந்தகட்டோடு, தெருமுனையில் அம்ருதா என்ற பெண் நடத்தும் ஸ்டுடியோவுக்குப் போனார்.

4

அம்ருதா படத்தைத் திறந்து பெரிதாக்கினாள். நீலாவின் மூக்கு நாலு கட்டமாயிற்று.

"காகா, ஹா ஃபோட்டோ ஃபாட்டேல்" என்றாள் மராத்தியில். மாமா, படம் கிழிந்துவிடும் என்று அர்த்தம். அச்சில் கட்டம் கட்டமாகப் பிரிந்துவிடும் என்பதை அந்தக் கடைகளில் அப்படித்தான் சொல்வார்கள். பிறகு பொறுமையாக இந்தியில் விளக்கினாள். துல்லியமாக அச்சடிக்க ஓர் அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி வேண்டும். காகாவிடம் மொத்தமே முந்நூற்று இருபது. ஆக, இந்தப் படம் தபால் தலை அளவுக்கு அருமையாக வரும். "முதல்ல எடுத்த பெரிய படம் இருக்கா? இருந்தா ஒரு அடிக்குத் தாராளமாப் போடலாம்."

பட்டாபிராமன் லாக்கருக்கு ஓடினார். ருக்மிணியைக் கூப்பிட்டுத் தேடச் சொன்னார். மூன்று தகடுகளிலும் அதே தபால் தலை, துளிச் சேதாரமில்லாமல் பத்திரமாக இருந்தது.

(கதை_3-இல் ருக்மிணியின் பழைய கணினியில் பெரிய படம் கிடைத்துவிடுகிறது. எழுதிவிட்டேன். படித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. எனக்குக் கிடைக்காதது இவருக்கு மட்டும் எப்படிக் கிடைக்கும்?)

"கம்ப்யூட்டரே அந்தாஜா, ஒரு உத்தேசமா நிரப்பும், பாக்கறீங்களா?" என்று அம்ருதா எதையோ தட்டினாள். கட்டங்கள் மறைந்தன. முகம் மழமழவென்று ஆயிற்று. நீண்ட பல் பக்கத்துப் பல்லோடு கரைந்து வரிசையாகிவிட்டது.

"இது யாரோ" என்றார் பட்டாபிராமன்.

[இந்த இடத்தில் எனக்குச் சுருக்கென்றது. இல்லாததை அந்தாஜாக நிரப்புவதுதானே என் பிழைப்பு. இவருடைய அம்மா பெயர், முழங்கால் வலி, காலை நடை என்று இன்னும் மூன்று பக்கம் நிரப்பியிருக்க முடியும். விட்டுவிட்டேன்.]

"கட்டம் கட்டமாவே இருக்கட்டும். ரெண்டடிக்குப் போட்டுடும்மா" என்றார், தனக்குத் தெரிந்த இந்தியில். அம்ருதா அவரை ஒரு மாதிரி பார்த்தாள். போட்டுக் கொடுத்தாள்.

5

சட்டம் போட்டு மாட்டியாயிற்று. நீலா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவருக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றாள்.

"என்னன்னா இது, பாத்ரூம் டைல்ஸா?"

பட்டாபிராமன் கடைக்காரி மேல் பழி போட ஒரு நொடி ஆசைப்பட்டார். "இல்லடி. நான்தான். சின்னதாப் பண்றேன்னு பெரிசையெல்லாம் அழிச்சுட்டேன். நானூத்திப் பன்னண்டும் போச்சு."

"அந்த மூணு சிடி?"

"அதுலயும் சின்னதுதான்."

"லாக்கர்ல வெச்சேளே! நகையை எடுத்துட்டு அதை வெச்சேளே!"

கோபம் வந்தால் நீலா சமையலறைக்குப் போவாள். போனாள். வாசற்படியில் இன்னும் ஒரு வசவு பாக்கியிருப்பது நினைவு வந்து, சொல்லிவிடலாம் என்று திரும்பினாள். பார்வை அவரைத் தாண்டிச் சுவரில் நின்றது.

அங்கிருந்து பார்த்தால் கட்டம் எதுவும் இல்லை. மழை இருந்தது. ஈரத் தலையும் திறந்த வாயும் இருந்தன. பல்கூட இருந்தது.

"இங்கேர்ந்து பாத்தா நன்னா இருக்கேன்" என்றாள். பிறகு, "எப்பவும் நான் நிக்கற எடம் இதுதானே. கிட்டப் போய்ப் பாக்கறவா பாத்துட்டுப் போகட்டும்" என்று சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. வாய்விட்டு, பல் தெரிய, சுவரில் சிரிப்பவளுக்குக் குறைவில்லாமல் சிரித்தாள்.

அந்த வருடம் வாங்கிய புதுக் கேமரா டிவி மேல், பட்டாபிராமன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

6

கதை_இறுதி: அவர் கேமராவை எடுக்கிறார். 'கொஞ்சம் இரு' நாக்கு நுனிவரை வருகிறது. முழுங்கிவிட்டு அழுத்துகிறார்.

கதை_இறுதி_உண்மையிலேயே: அவர் கேமராவைத் தொடவில்லை. கூடத்தைக் கடந்துபோய் அந்த வாசற்படியில் அவள் பக்கத்தில் இடம் பண்ணிக்கொண்டு நிற்கிறார். இருவருமாகச் சுவரைப் பார்க்கிறார்கள்.

காலையில் எனக்கு முதலாவதுதான் சரி என்று படுகிறது. சாப்பிட்ட பிறகு இரண்டாவது. ஒன்றைத்தானே அச்சுக்கு அனுப்ப முடியும் என்று இரண்டாவதை 'கதை_இறுதி' என்ற பெயரிலேயே சேமிக்கப் போனேன். கணினி கேட்டது: பழையதன்மேல் எழுதட்டுமா?

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கேள்வியை முழுசாகப் படித்தேன். வேண்டாம் என்று அழுத்தினேன்.

இரண்டும் இருக்கின்றன. உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதை மட்டும் அழித்துவிடாதீர்கள்.