அவள் பெயரில் எண்பத்தெட்டு

1

இதை நானாக எழுத நினைக்கவில்லை. கேட்டார்கள்.

"அன்னிக்கு நடந்ததை உங்க வார்த்தையிலேயே ஒரு பக்கம் எழுதிக் குடுங்கோ, மாப்பிள்ளை. மனுவோட சேர்த்து வெக்கணும்" என்றார் சந்திரமௌலி. விமானப் படையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். புனேயில் லோஹேகாவில் வீடு. அவருடைய ஒரே மகள் கிருஷ்ணப்ரியா ஜூன் மாதம் இமாசலத்தில் ஒரு கணவாயைக் கடந்து, இறங்கும் வழியில் இறந்துபோனாள். வயது முப்பத்தொன்று. புகார், மலையேற்றக் குழுவின் தலைவர் தேஜஸ் மீது. அவருடைய வழிகாட்டி உரிமத்தை ரத்து செய்ய வேண்டும் என்பது மனு.

எழுத உட்கார்ந்தேன். 'நான்' என்று ஆரம்பித்தால் இரண்டாவது வரியில் கை நின்றுவிடுகிறது. 'ஜம்பு' என்று என் பெயரைப் போட்டு, 'அவன்' என்று எழுதிப் பார்த்தேன். நகர்ந்தது. அதனால் இது கதை.

2

தொடக்கங்கள்:

'பனி விழ ஆரம்பித்திருந்தது. ஜம்பு கூடாரத்தின் ஜிப்பை—' (பனி இல்லை, ஆலங்கட்டி. அடித்துவிட்டேன்.)

'மலைகள் மனிதரைப் பார்த்து—' (மலைகள் எதையும் பார்க்கவில்லை.)

'புனேயில் எல்லார் வீட்டிலும் கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் ஒன்று கிடக்கும்.' இது பரவாயில்லை.

விரலைக் கவ்விக்கொண்டு, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் சின்னக் கருவி. கிருஷ்ணப்ரியா அதையும் பையில் போட்டுக்கொண்டாள். நான்கு மாதம் ஞாயிறுதோறும் அவளும் ஜம்புவும் கடக்வாஸ்லாவைத் தாண்டிப் போய்க் கோட்டை ஏறிப் பழகியிருந்தார்கள். மொத்தம் ஏழு நாள் நடை. ஐந்தாம் நாள் கணவாய், பதினைந்தாயிரத்து எழுநூறு அடி.* தினமும் மாலையில் தேஜஸ் கூடாரம் கூடாரமாக வந்து எல்லாருக்கும் அளந்து நோட்டில் எழுதுவார். எழுபத்தைந்துக்குக் கீழே வந்தால் மறுநாள் காலை கீழே அனுப்பிவிடுவார். கணவன் மனைவி என்றால் இருவரும் இறங்க வேண்டும்.

* கணவாயின் பெயர் மனுவில் இருக்கிறது. இங்கே எழுத வரவில்லை.

3

நான்காம் நாள், மாலை ஐந்தரை. கூடாரத்தின் மேல் ஆலங்கட்டி கொட்டிக்கொண்டிருந்தது. தேஜஸ் வருவதற்குள் இவர்களே அளந்து பார்த்தார்கள்.

"எவ்ளோ?" என்றாள்.

"எழுபத்தொண்ணு."

"கை ஜில்லுன்னு இருக்குடா, அதான்." உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு மறுபடி நீட்டினாள். "இப்போ?"

"எழுபத்திரண்டு."

"பாத்தியா, ஒரு மார்க் ஏறிடுத்து. கிரேஸ் மார்க் போட்டு பாஸ் பண்ணிடு, சலோ." சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. "உன் விரல் சும்மாதானே இருக்கு? குடு."

ஜிப் ஓரடி திறந்தது. வெளியே தேஜஸ், ஆலங்கட்டிக்குத் தலையைக் குனிந்தபடி. "முதல்ல மேடம்" என்றார். அவளுடைய ஊதாக் கையுறை வெளியே போனது. விரல் நுனி திறந்த கையுறை. உள்ளே இருந்தது ஜம்புவின் இடது கை. எண்பத்தெட்டு. பிறகு அவனுடைய வலது கை, அவனுடைய கையுறையில். எண்பத்தேழு.

"ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று சொல்லிவிட்டு தேஜஸ் அடுத்த கூடாரத்துக்குப் போனார்.

4

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சரிவின் பாதியில் அவள் இருபது அடிக்கு ஒரு முறை நின்றாள். எட்டு மணிக்குப் பன்னிரண்டு அடிக்கு ஒரு முறை. ஜம்பு பின்னால் வந்தான். அவள் காலைப் பார்த்துக்கொண்டே வந்தான். ஒன்பது மணிக்கு ஏழு அடி.

தேஜஸ் திரும்பி வந்து நோட்டைப் பிரித்துப் பார்த்தார். "மேடத்துக்கு நேத்து எண்பத்தெட்டு. பயமில்லை, களைப்புதான். மெதுவா வாங்க."

அந்த நோட்டை நம்பித்தான் அவர் முன்னால் போனார். ஜம்பு அப்போதும் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். திரும்பி இறங்கினால் இரண்டு மணி நேரத்தில்—

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. விட்டுவிடுகிறேன்.)

ஒன்பது நாற்பதுக்குக் கணவாய். அவள் ஒரு கல்லில் சாய்ந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். இறங்கும்போது இருமலில் இளஞ்சிவப்பாக நுரை வந்தது. இருந்த ஒரு ஆக்சிஜன் சிலிண்டரைத் தேஜஸ் மாட்டிவிட்டார். அவளை முதுகில் சுமந்துகொண்டு பாறைகளில் இறங்கினார். ஒன்றரை மணிக்கு, ஓடையருகே, இறக்கி வைத்தார்.

5

ஆகஸ்டில் தேஜஸ் கூப்பிட்டு அனுப்பினார். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். போசரியில் அண்ணனுடைய லேத் பட்டறையில் இருந்தார். வாசலில் இருந்த டப்ரியில், அதாவது டீப் பெட்டிக்கடையில், டீ வாங்கிக் கொடுத்தார். பேசியது இந்தியில். தமிழில் எழுதுகிறேன்.

"சார், ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்கு மேடம் கை ஜில்லுன்னு இருந்துதா?"

ஜம்பு அவரைப் பார்த்தான்.

"ரெண்டு கையுமே சூடா இருந்த மாதிரிதான் எனக்கு ஞாபகம். தூக்கத்துலயும் அதான் வருது. உங்க கையையே ரெண்டு தடவை அளந்து எழுதிட்டேனோ? ஆலங்கட்டி வேற. அவசரத்துல தப்பு பண்ணிட்டேன் போல, சார். அப்படின்னா புகார் சரிதான்."

"டீ ஆறிடப் போறது" என்றான் ஜம்பு.

அவ்வளவுதான் சொன்னான். வேறு ஏதாவது சொன்னதாக எழுதலாம். மூன்று விதமாக எழுதியும் பார்த்தேன். சொல்லவில்லை.

6

ஒரு திருத்தம்.

மூன்றாம் பகுதியில் 'உன் விரல் சும்மாதானே இருக்கு? குடு' என்று கிருஷ்ணப்ரியா கேட்பதாக எழுதியிருக்கிறேன். அவள் கேட்கவில்லை. கிரேஸ் மார்க் வரை அவள் பேச்சு. இருமிவிட்டு, "இறங்கிடலாமா, ஜம்பு? தலை ரொம்ப வலிக்கறது" என்றாள். ஒரு தடவைதான்.

"ரெண்டு வருஷமா லீவ் சேத்து வந்திருக்கோம்" என்றான் அவன். "ஒரு நாள்தான். என் விரலைக் குடுத்துடறேன். கையுறையைக் கழட்டு."

அவள் இறங்கினால் அவனும் இறங்க வேண்டும். அவனுக்கு அந்தக் கணவாயைப் பார்க்க வேண்டியிருந்தது. இதற்கு மேல் காரணம் தேடினேன். இல்லை.

7

முடிவுகள்:

(அ) ஞாயிற்றுக்கிழமை லோஹேகாவ் வீடு. "ஒண்ணு அந்த மெஷின் பொய் சொல்லித்து, இல்லே அந்தப் பையன் பொய் எழுதினான். மூணாவதா என்ன இருக்க முடியும், சொல்லுங்கோ?" என்று சந்திரமௌலி பேனாவை நீட்டுகிறார். ஜம்பு கையெழுத்துப் போடுகிறான். வீட்டுக்கு வந்து—

(ஆ) ஜம்பு எல்லாவற்றையும் சொல்கிறான். அரைப் பக்கத்துக்கு வசனம் கொடுத்தேன். கடைசியில் அழுகிறான். ஜூனிலிருந்து அவன் ஒரு தடவைகூட அழவில்லை. கிழித்துவிட்டேன்.

(இ) மாமா, நம் இரண்டு வீட்டிலும் சேர்த்துத் தமிழ் படிக்கிறவர்கள் நீங்களும் நானும்தான். ப்ரியாவுக்குப் பேச மட்டும்தான் வரும். இந்தக் கதைக்கு வேறு வாசகர் இல்லை. நீங்கள் கேட்ட ஒரு பக்கம் இதுதான். கொஞ்சம் நீண்டுவிட்டது. 'அவன்' என்று வரும் இடத்திலெல்லாம் 'நான்' என்று படியுங்கள்.

தேஜஸிடம் நாளை நானே சொல்லிவிடுவேன். (இந்த வரியை நம்ப வேண்டாம். டப்ரிக்குப் போனபோதும் இப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். அவர் போன் எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.)

மனுவில் தேஜஸ் பெயர் நான்கு இடங்களில் வருகிறது. மனுவைக் கொடுக்கத் திங்கட்கிழமை வரை நேரம் இருக்கிறது. அந்த நான்கு இடங்களிலும் யார் பெயர் வர வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். நான் கீழே கேட்டுக்கு வெளியே நிற்கிறேன். படித்து முடித்ததும் ஜன்னலைத் திறந்து நீங்கள்—