கல் கதவு கேட்ட கேள்வி

விடை எழுதிய சீட்டைக் காணவில்லை. பகடைப் பெட்டிக்கு அடியில் மடித்து வைத்திருந்தேன். என் குறிப்புகளை எட்டிப் பார்ப்பதில் மச்சான் கில்லாடி. அவனுக்குப் பயந்து செய்த ஏற்பாடு. சீட்டு போனால் போகிறது, விடையாவது நினைவிருக்க வேண்டாமா? விடுகதையைப் பத்து நாளில் மூன்று முறை மாற்றி எழுதியதில், கடைசியாக என்ன விடை வைத்தேன் என்பது சுத்தமாக மறந்துவிட்டது.

வேறு ஞாயிறாக இருந்தால் சமாளித்திருப்பேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் நான், ஞாயிறு மதியங்களில் எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு ராஜ்ஜியத்தையே நடத்துகிறேன். கதை சொல்லி ஆடும் விளையாட்டு: ஆளுக்கொரு வேடம், ஜெயிப்பதும் தோற்பதும் பகடை கையில், கதையை நகர்த்துவது நான். மச்சான் மந்திரவாதி, மேல்வீட்டு நர்ஸ் வில்லாளி. அன்று முதல் தடவையாக என் மனைவியும் உட்கார்ந்திருந்தாள். லிஃப்ட் மெக்கானிக் அவள். மூன்று வருடம் கெஞ்சியதற்கு, "ஒரே ஒரு தடவை. போரடிச்சா அப்புறம் கூப்பிடக் கூடாது" என்று நிபந்தனை போட்டுத்தான் வந்தாள். அவளுடைய வீராங்கனைக்கான தாளில் பெயர்க் கட்டத்தைக் காலியாகவே விட்டாள். "ஒரு மத்தியானத்துக்குப் பேரு எதுக்குங்க?"

அவளுக்கு இது பிடித்துவிட வேண்டும் என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

குகையின் முடிவில் கல் கதவு. சரியான விடை சொன்னால்தான் திறக்கும். குரலைக் கனமாக்கிக்கொண்டு படித்தேன்: "வருகிறவருக்கு முன்னால் வந்துவிடுவேன். அவர் போன பிறகும் இருப்பேன். எனக்கு வாயில்லை, ஆனால் யாரென்று சொல்லிவிடுவேன்."

"நிழல்," என்றான் மச்சான்.

"போனப்புறம் நிழல் எங்க இருக்கும்? காலடித் தடமா இருக்கும்," என்றாள் நர்ஸ். பிறகு அவளே, "தடம் முன்னாடி வராதே," என்று தள்ளுபடி செய்தாள்.

சரியானது காதில் விழுந்தால் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையில் நான் பெரிய ஞானி மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் போனது. கதவைக் கொளுத்தலாமா என்றான் மச்சான். கல் எரியாது என்றேன். மனைவி வாயே திறக்கவில்லை. ஒரே ஒரு தடவை, "கீல் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"தெரியலையே."

"அது தெரியாமலா கதவு வச்சீங்க?"

போச்சு, அவளுக்குச் சலித்துவிட்டது என்று நினைத்தேன். அப்போதுதான் அவள் தன் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனாள்.

"வாடை," என்றாள். "வேலை முடிஞ்சு நான் படியேறும்போதே கிரீஸ் வாடை எனக்கு முன்னாடி வீட்டுக்குள்ள வந்துருது. காலையில நான் போனப்புறமும் துண்டுல இருக்கு. வந்தது யாருன்னு யாரும் கேக்க வேண்டியதில்ல."

நான் எழுதியது இது இல்லை என்று மட்டும் எங்கோ உறுத்தியது. ஆனால் இதைவிட நல்ல விடையை நான் எழுதியிருக்க வாய்ப்பே இல்லை. கதவு திறந்துவிட்டது என்றேன். மச்சான் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். நர்ஸ் என் மனைவியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

எல்லாரும் போன பிறகு, கீழே விழுந்த பகடையை எடுக்கக் குனிந்தேன். மேசைக் காலுக்கு அடியில் ஒரு காகித மடிப்பு.

"மேசை ஆடிட்டே இருந்துச்சு," என்றாள் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே. "நீங்க குளிக்கப் போனப்ப அந்தப் பகடைப் பெட்டிக்கு அடியில கிடந்த பேப்பரை வச்சேன்."

இழுத்துப் பிரித்தேன். என் கையெழுத்தில் ஒரே சொல்: பெயர். ஆளுக்கு முன்னால் வந்து, ஆள் போன பிறகும் நிற்பது.

"படிச்சியா?"

"அப்பவே."

"பின்ன ஏன் சொல்லல?"

"பார்த்துட்டுச் சொன்னா என் தம்பிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அதான் வேற ஒண்ணு தேடிட்டு இருந்தேன்."

அந்த அரை மணி நேரமும் அவள் குகைக்குள்தான் இருந்திருக்கிறாள். சீட்டைப் பழையபடி மடித்து மேசைக் காலுக்கடியில் செருகிவிட்டு நிமிர்ந்தேன். அவளுடைய தாள் என் கண்ணெதிரே கிடந்தது. மற்ற கட்டங்களெல்லாம் பென்சில். காலியாக இருந்த கட்டத்தில் மட்டும், லிஃப்ட் பழுதுப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் அந்தத் தடித்த பேனாவால், கட்டத்தை மீறிப் பெரிதாக ஒரு பெயர். மை இன்னும் காயவில்லை.