ஆக்சிலேட்டரை மிதிக்க ஓர் ஆள்

1

இந்தக் கதையில் நான் கண்ணால் கண்டது ஒன்றே ஒன்றுதான். 1984ஆம் ஆண்டு பிப்ரவரியில், முத்தியால்பேட்டையில் ஒரு மாடியறையில் நான் தனியாகக் குடியிருந்தேன். ஒரு நாள் நல்ல வெயிலில் எதிர்வீட்டுக்காரர் தம் அம்பாசடரின் முன்விளக்குகளை எரியவிட்டார். ஆக்சிலேட்டரின் மேல் ஒரு செங்கல்லை வைத்தார். இறங்கி முன்பக்கம் ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் செங்கல் சரிந்துவிட்டது. திரும்பி வந்து அதை நிமிர்த்திவிட்டு மறுபடியும் ஓடினார். இப்படி ஐந்து முறை. எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர இறங்கிப் போகவில்லை.

மற்றவை யாவும் கற்பனை. அவர் பெயர் உட்பட.

2

முதல் தொடக்கம்: "தணிகாசலத்தின் வாழ்வைப் போலவே அவர் காரின் விளக்கும் மங்கத் தொடங்கியிருந்த அந்த..."

வேண்டாம். கார் காராகவே இருக்கட்டும்.

இரண்டாம் தொடக்கம்: தணிகாசலம் பெரிய மார்க்கெட் அருகே இருபத்தாறு ஆண்டுகளாக டாக்ஸி ஓட்டுபவர். சென்ற ஆண்டு, மழைக்காலத்துக்குச் சற்று முன், பழைய டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டிக்கொண்டார். இரண்டும் செய்வது ஒரே வேலை: என்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரியை நிரப்புவது. புதியது கூடுதலாகத் தரும் என்றார்கள். தந்தது. ஸ்டாண்டில் அதைக் காட்டுவதற்காகவே ஒரு வாரம் பானெட்டைத் திறந்து வைத்திருந்தார்.

(இந்தப் பெருமையை நீக்கிவிடலாமா என்று யோசித்தேன். நீக்கினால் பின்னால் வரும் தவறு வெறும் கவனக்குறைவாகிவிடும். அவர் கவனக்குறைவானவர் அல்லர்.)

3

விளக்கை வைத்துச் செய்யும் சோதனை எளிது. ஒருவர் ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டும். மற்றவர் எதிரில் நின்று விளக்கைப் பார்க்க வேண்டும். என்ஜின் வேகமெடுக்கும்போது ஒளி கூடினால் மின்சாரம் வருகிறது, கூடாவிட்டால் இல்லை. சோதனைக்குத் தேவை இரண்டு பேர் என்பது மட்டுமே அதிலுள்ள சிக்கல்.

அந்த இரண்டாம் ஆள் செல்வாம்பாள், அவர் மனைவி. கார் ஓட்டத் தெரியாது, மிதிக்கத் தெரியும். மிதித்துவிட்டு, "போதுமா?" என்று தலையை வெளியே நீட்டிக் கேட்பாள். மூன்று மாதங்களாக அவள் சேதராப்பட்டில், தம்பி அரிகிருஷ்ணன் வீட்டில் இருக்கிறாள்.

ஏன்? என் முதல் வரைவில் அவள் கோபக்காரி. கார் வழியில் நின்றதற்காகக் கணவனை விட்டுப் போனவள். எழுதி முடித்துப் படித்தபோது அவளை நான் நம்பவில்லை. முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவள் ஒரு காருக்காகப் போக மாட்டாள். ஆகவே அந்த நவம்பர் மாலையை மறுபடியும் எழுதினேன்.

சேதராப்பட்டில் அவள் தாய் இறந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள். காலையிலிருந்தே மழை, அன்று முழுவதும் வைப்பரையும் விளக்கையும் போட்டுக்கொண்டே சவாரி ஓட்டியிருக்கிறார் தணிகாசலம். இருவரும் காரில் கிளம்புகிறார்கள். ஊருக்கு மூன்று மைல் இருக்கும்போது விளக்கு மங்கி, என்ஜின் நிற்கிறது. அவர் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விடுகிறார்.

"வாய்யா, நடந்துடலாம்."

"இரு, அஞ்சு நிமிஷம்."

சற்றுப் பொறுத்து மறுபடியும் கேட்டாள். மறுபடியும் அஞ்சு நிமிஷம். மூன்றாம் முறை அவர் நிமிர்ந்தபோது அவள் பக்கத்தில் இல்லை. தொலைவில், மழையில், தனியாக நடந்துகொண்டிருந்தாள். அவள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பாடை இல்லை. தாயின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் அவள் திரும்பவில்லை. பேட்டரி போய்விட்டது என்று தணிகாசலம் எல்லோரிடமும் சொன்னார். புதிய பேட்டரி வாங்கினார். அதுவும் இரண்டு நாளைக்கொரு முறை இறங்கியது. கடையில் கொடுத்துச் சார்ஜ் ஏற்றி ஓட்டினார்.

4

அரிகிருஷ்ணன் ஒரு வெள்ளிக்கிழமை வந்தான்.

"இன்னா மாமா, வண்டி ஓடுதா? இல்ல, சவாரி ஏறுறவனையே தள்ளச் சொல்றியா?"

"உள்ள வாடா. டீ போடறேன்."

"நீ போடற டீய குடிச்சிட்டு நான் வேலைக்குப் போகணும் மாமா. வேணாம்." வாசலிலேயே நின்றான். "அக்கா கேக்கச் சொல்லுச்சு. வண்டி இன்னா ஆச்சாம், சரி பண்ணியாச்சான்னு."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல. சரியாச்சின்னா ஞாயித்துக்கெழம வா. நான் சொல்றேன், அது சொல்லல."

அதை அவர் நிபந்தனையாக எடுத்துக்கொண்டார். (அது நிபந்தனைதானா, மூன்று மாதத்துக்குப் பிறகு ஒரு மனிதரைப் பற்றிக் கேட்க அவளுக்குக் கிடைத்த ஒரே கேள்வியா என்பது எனக்கும் தெரியாது.) ஸ்டாண்டிலேயே இரண்டு மெக்கானிக்குகள் உண்டு. ஆனால் அங்கே காரைப் பற்றி ஒரு கேள்வி வந்தால், வீட்டைப் பற்றி இரண்டு கேள்விகள் வரும். ஆகவே வேலையை வாசலிலேயே தொடங்கினார். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், தொய்வில்லை. அடுத்தது விளக்குச் சோதனை. செங்கல். ஐந்து முறை ஓடியும் ஒளி கூடவே இல்லை.

5

பேட்டரியின் இணைப்பை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டரைக் கழற்றினார். எந்த ஒயர் எங்கே என்பது மறந்துபோகாமலிருக்க, செல்வாம்பாளின் தையல் பெட்டியைத் திறந்து, ஒன்றில் சிவப்பு நூலும் ஒன்றில் பச்சை நூலும் கட்டினார். பெட்டியை இருந்த இடத்திலேயே, இருந்த கோணத்திலேயே வைத்தார். கழற்றியதைக் கடைக்கு எடுத்துப் போனார்.

கடைக்காரர் தெய்வசிகாமணி அதைப் பிரித்து மீட்டர் வைத்துப் பார்த்தார்.

"டையோடு அத்தினியும் அவுட்டு.¹ வேற ஒண்ணு மாட்டிக்க. ஆமா, ஓடற வண்டியில பேட்டரி டெர்மினல எவனாச்சும் கழட்டுனானா?"

"ஏன்?"

"டைனமோ வண்டின்னா கழட்டிப் பாப்பானுங்கோ. என்ஜின் நிக்காம ஓடுனா நல்லா இருக்குதுன்னு அர்த்தம். இதுல அத்த பண்ணா அந்த நிமிஷமே டையோடு செத்துடும். பழைய டிரைவருங்கதான் பண்றானுங்கோ. கைய வெட்டுனாலும் பழக்கம் போகாது. நீ பண்ணியா?"

"இல்ல," என்றார் தணிகாசலம்.

¹ ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரத்தைப் பேட்டரி ஏற்கும்படி மாற்றிக் கொடுக்கும் சிறு பொருள். சுண்டுவிரல் நுனியளவு இருக்கும்.

6

இருபத்தாறு ஆண்டுகளாக, மழைநாளில் காரை எடுக்கும் முன் அவர் அந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டதில்லை. ஆல்டர்னேட்டர் மாட்டிய பின் வந்த முதல் மழைநாளான அந்த நவம்பர் காலையிலும் செய்தார். என்ஜினை ஓடவிட்டு, பேட்டரி டெர்மினலின் ஒயரைக் கழற்றினார். என்ஜின் சிறிது குலுங்கி, நிற்காமல் ஓடியது. அந்த ஒரு நொடியே போதுமென்று திருப்தியோடு மாட்டினார். சார்ஜ் ஏறாவிட்டால் டாஷ்போர்டில் எரிய வேண்டிய சிவப்பு விளக்கின் பல்பு எப்போதோ போயிருந்தது. மாலை வரை எதுவும் தெரியவில்லை.

காரைக் கெடுத்தது அவருடைய கவனம்.

(இந்த வாக்கியத்தைத் தனியே நிறுத்தியதற்கு வருந்துகிறேன். அடுத்த வரியோடு சேர்த்துப் பார்த்தேன், சேரவில்லை.)

சனிக்கிழமை புதிய ஆல்டர்னேட்டரை மாட்டினார். சிவப்பு நூல், பச்சை நூல். பெல்ட்டை இழுத்து முறுக்கினார். என்ஜினை ஓடவிட்டார். அவர் கை தானாகவே பேட்டரியை நோக்கிப் போனது. டெர்மினலைப் பற்றியும் விட்டது. அங்கேயே நின்றது. பிறகு கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

7

முடிவு, ஒன்று: ஞாயிற்றுக்கிழமை போகிறார். "பேட்டரிதான்," என்கிறார். அவள் வருகிறாள். இனி ஒவ்வொரு மழைநாளிலும் அவள் மிதித்து, "போதுமா?" என்று கேட்பாள், அவர் ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முடிவு, இரண்டு: உள்ளதைச் சொல்லிவிடுகிறார். அவள் சொல்லக்கூடிய பதில்களாக ஐந்து எழுதினேன். ஐந்தும் நான் பேசுவதாக இருந்தனவே தவிர அவள் பேசுவதாக இல்லை. அடித்துவிட்டேன்.

எஞ்சியது இவ்வளவே. சேதராப்பட்டில் அரிகிருஷ்ணன் வீட்டு வாசலில் காரை நிறுத்துகிறார், என்ஜினை அணைக்கவில்லை. செல்வாம்பாள் வெளியே வருகிறாள். கையில் பை இல்லை. இளைத்திருக்கிறாள்.

"இன்னாதான் ஆச்சாம் அதுக்கு?"

அவர் கதவைத் திறந்து இறங்குகிறார். "சரியாத்தான் இருக்குது. நீயே பாரு," என்று மட்டும் சொல்லி விளக்கைப் போடுகிறார்.

"நான் இன்னாத்த பாக்கறது? நீ பாரு."

யாரும் சொல்லாமலே அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்காருகிறாள். அவர் முன்பக்கம் போகிறார். இம்முறை ஓட வேண்டியதில்லை. அவள் மிதிக்கிறாள். பட்டப்பகலிலும் தெரியும்படி ஒளி கூடுகிறது. மிதித்த காலை எடுக்காமல் தலையை வெளியே நீட்டுகிறாள்.

"போதுமா?"

போதும் என்றால் பேட்டரிப் பொய் அப்படியே நிற்கும், போதாது என்றால் உள்ளதைச் சொல்லியாக வேண்டும். விளக்கு அவர் கண்ணில் அடிக்கிறது. வாசகரே, நான் அன்றைக்கும் மாடியிலிருந்து இறங்கவில்லை. இன்றைக்கும் என்னால் முடியாது. அவருக்கு அருகில் இப்போது நிற்பது நீங்கள்தான்.