ஆப்பின் மேல் நீலக் கோடு

சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தகர ஆபீசில் கூடியவர்கள் ஐந்து பேர். மேசைக்குப் பின்னால், சுழல் நாற்காலியில், கட்டட வேலையின் மேனேஜர் ஹரிஷ்குமார். அவருக்கு எதிரே, ஹெல்மெட்டுகள் குவிந்துகிடந்த ஜன்னலோரம், பாதுகாப்பு அதிகாரி சங்கமித்ரா. கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாவின் மேல் சாரம் கட்டும் மேஸ்திரி முனிகிருஷ்ணன். தாழ்ந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அவருடைய முட்டி எழுந்திருக்க விடாது. அவருடைய ஆள் தினேஷ் சுவரில் சாய்ந்து தரையிலேயே காலை நீட்டியிருந்தான். கான்கிரீட் ஆட்களின் தலைவி காந்தா வாசற்படியில் உட்கார்ந்து, சேறு படிந்த கால்களை மட்டும் வெளியே போட்டிருந்தாள்.

அடுகோடியில், ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் எழும்பிக்கொண்டிருந்த அந்தக் கட்டடத்தின் ஐந்தாவது தளத்துக்கு மறுநாள் காலை கான்கிரீட். ஞாயிற்றுக்கிழமையை விட்டால் அடுத்த ஞாயிறுதான். மற்ற நாட்களில் அந்தச் சந்துக்குள் கலவை லாரிகளைக் கொண்டுவந்து நிறுத்தவும் முடியாது, நிறுத்தினால் எடுக்கவும் முடியாது. ஆட்கள் மேலே போவதற்கு, கட்டடத்துக்கு வெளியே ஒட்டினாற்போல் ஒரு படிக்கட்டுச் சாரம் நின்றது. குழாய்களை ஒன்றோடொன்று பூட்டி, ஒவ்வொரு தட்டாக மேலே ஏற்றிக் கட்டியது. கடைசித் தட்டு அன்று காலைதான் முடிந்திருந்தது.

"பச்சை அட்டை எப்ப மாட்டறீங்க?" என்றார் ஹரிஷ்குமார். மைசூர்ப் பக்கத்துக்காரர். பத்து வருஷத் தமிழ்.

"ஒரு தடவை ஏறிப் பாத்துட்டு மாட்டறேன் சார்" என்றாள் சங்கமித்ரா. அவள் பார்த்துப் பச்சை அட்டை மாட்டினால்தான் சாரத்தில் யாரும் ஏறலாம்.

"பாக்கறதுக்கு இன்னா இருக்குது மேடம்? நீங்க சொன்ன மாதிரியே எல்லாத்துலயும் கோடு போட்டுக்கீது" என்றார் முனிகிருஷ்ணன்.

"போட்டா சரி."

"சீக்கிரம் பாரும்மா," என்றாள் காந்தா. "எங்க பொண்ணுங்களுக்கு இப்பவே சொன்னாதான் காலையில வரும். இல்லன்னா ஞாயித்துக்கிழமைன்னு தலைக்கு எண்ணெ வச்சுக்கினு உக்காந்துரும்."

சங்கமித்ரா சிரிக்க முயன்றாள். வாரம் முழுக்க வெயிலில் நின்றதில் கண்ணுக்குப் பின்னால் ஒரு வலி வந்து உட்கார்ந்திருந்தது. மறுநாள் பௌர்ணமி, புத்த விகாரைக்கு வருவதாக அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். கான்கிரீட் என்றானதும் அதை மாலைக்குத் தள்ளியிருந்தாள். அந்த மாலையாவது மிஞ்ச வேண்டும் என்பதுதான் அப்போதைக்கு அவளுடைய ஆசை.

அந்த நீலக் கோடு அவள் கொண்டுவந்த பழக்கம். இந்தச் சாரத்தில் நிமிர்ந்து நிற்கும் குழாய்களில் இடைவெளி விட்டு வட்டத் தகடுகள் இருக்கும். குறுக்குக்குழாயின் நுனியை அந்தத் தகட்டில் பொருத்தி, நுனியோடு கூடவே தொங்கும் இரும்பு ஆப்பைத் தகட்டின் துளைக்குள் விட்டுச் சுத்தியால் அடித்து இறுக்க வேண்டும். இறுகினால் ஓசை மாறும். 'டொக்' என்பது 'டிங்' என்றாகும். முன்பெல்லாம் அவள் கீழே நின்று அதைக் காதால் கேட்டே கணக்கு வைத்துக்கொள்வாள். போன மாதம் பக்கத்து மனையில் பாறை உடைக்கும் மெஷின் வந்தது. அதற்குப் பிறகு சுத்தியின் ஓசை அடிப்பவனுக்கே கேட்கவில்லை. அதனால், அடித்து முடித்த ஒவ்வொரு ஆப்பின் தலையிலும் நீலச் சாக்பீஸால் ஒரு கோடு இழுக்க வேண்டும் என்று சொல்லிவைத்தாள். கண்ணால் பார்த்தால் போதும், காது வேண்டாம். நல்ல யோசனை என்று ஹரிஷ்குமார்கூடப் பாராட்டினார்.

இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு அடியிலிருந்தே தொடங்கினாள். அடிக் கால்களுக்குக் கீழே முழு நீளப் பலகை போட்டிருந்தார்கள். செங்கல் துண்டு எதுவும் செருகவில்லை. திருகுக் கால்களை அளவுக்கு மேல் உயர்த்தவில்லை. மட்டக்கோலை நாலு பக்கமும் வைத்துப் பார்த்தாள். குமிழ் நடுவிலேயே நின்றது. கட்டடத் தூண்களோடு சாரத்தை இழுத்துப் பிடித்திருந்த கட்டுகள் ஒவ்வொன்றையும் உலுக்கினாள். எதுவும் அசையவில்லை. முனிகிருஷ்ணனின் வேலை அப்படித்தான் இருக்கும். படியேற ஏற அவளுக்குக் கால்தான் கனத்ததே தவிர மனம் லேசாகிக்கொண்டே வந்தது. கண்ணில் பட்ட ஆப்புகளில் எல்லாம் நீலம். விகாரைக்கு வெள்ளைப் புடவை இஸ்திரி போட வேண்டும் என்பதுகூட ஞாபகத்துக்கு வந்தது.

நாலாவது தளத் திருப்பத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு கைப்பிடியில் சாய்ந்தாள்.

கைப்பிடி அவளோடு சேர்ந்து சாய்ந்தது.

கொஞ்சம்தான். ஒரு விரல் அகலம் இருக்கலாம். அவள் சட்டென்று பின்வாங்கிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்தக் குழாயின் நுனியைப் பார்த்தாள். ஆப்பின் தலையில் நீலக் கோடு அழகாக இருந்தது. கையை நீட்டி ஆப்பை இரண்டு விரலால் பிடித்து மேலே தூக்கினாள். வந்தது. புட்டியிலிருந்து மூடி வருவதுபோல் வந்தது. துளைக்குள்ளிருந்து வெளியே வந்த பாகத்திலும் நீலக் கோடு தொடர்ந்தது.

அதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அடித்த பிறகு போட்ட கோடாக இருந்தால், துளைக்குள் மறைந்திருக்கும் இரும்புக்குச் சாக்பீஸ் எப்படிப் போகும்?

அந்தப் பக்கத்தில் இன்னும் சில ஆப்புகளை விரலால் தூக்கிப் பார்த்தாள். சில வந்தன, சில வரவில்லை. எல்லாவற்றிலும் ஒரே நீலம். அப்படியானால் கீழே அவள் பார்த்துவிட்டு வந்த நீலத்துக்கும் இனி அர்த்தமில்லை. ஏறும்போது லேசான மனம் அங்கேயே கழன்று விழுந்தது.

போனில் கூப்பிட்டதும் முனிகிருஷ்ணன் ஒவ்வொரு படிக்கும் ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு ஏறி வந்தார். பின்னால் தினேஷ். அவள் ஆப்பைத் தூக்கிக் காட்டினாள். முனிகிருஷ்ணன் அதைப் பார்த்தார். பிறகு தினேஷைப் பார்த்தார்.

"இன்னாடா இது?"

"கீழயே போட்டுட்டேண்ணா கோடு" என்றான் தினேஷ். மறைக்க நினைத்தவன் குரல் இல்லை அது. "பைப்பெல்லாம் வரிசையா அடுக்கி வச்சு ஒரே இழுப்பு. மேல வந்து ஒண்ணொண்ணுக்கும் போடறதுன்னா, சுத்திக்கு ஒரு கை, சாக்பீஸுக்கு ஒரு கை, பெல்ட்டுக் கொக்கிய மாத்தறதுக்கு ஒரு கை. எனக்கு மூணு கை இல்ல மேடம்."

"அடிச்சப்புறம் போடணும்னு தானே சொன்னேன்?"

"எப்டியும் எல்லாத்தையும் அடிக்கத்தானே போறோம், முன்னாடி போட்டா இன்னா, பின்னாடி போட்டா இன்னான்னு நெனச்சேன்."

"இத அடிக்கலையே தினேஷ்."

தினேஷ் அந்தக் கைப்பிடியைத் தொட்டான். அது ஆடியதும் அவன் முகம் மாறியது. "காலையில பாதியில சார் கூப்ட்டாரு மேடம். கான்கிரீட் பம்புப் பைப்ப இழுக்க ஆள் பத்தலன்னு. நாங்க அல்லாரும் எறங்கிப் போனோம். திரும்பி வந்து பாத்தா எல்லாத்துலயும் கோடு இருந்துச்சு. அடிச்சாச்சுன்னு மேல போய்ட்டேன்."

"நீயே போட்ட கோட்ட நீயே பாத்து ஏமாந்தியாடா!" என்றார் முனிகிருஷ்ணன். திட்டுவதற்குக்கூட அவரிடம் தெம்பில்லை. படியிலேயே உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார். "மேடம், பேஜார் வேணாம். லைட்டு கட்டிக்கினு ராத்திரியே எல்லாத்தையும் தட்டிடறோம். காலையில நீங்க வரும்போது கல்லு மாதிரி நிக்கும்."

"காலையிலேருந்து வேலை செய்யறீங்க. இது நடந்ததே அலுப்புலதான். இருட்டுல, அதே அலுப்போட உங்கள மறுபடி மேல ஏத்தச் சொல்றீங்களா?"

கீழே இறங்கியதும் அவள் பையிலிருந்து, யாரும் ஏறக் கூடாது என்ற சிவப்பு அட்டையை எடுத்துப் படிக்கட்டின் வாயில் கட்டி, குறுக்கே ஒரு சங்கிலியையும் போட்டாள்.

சங்கிலியைப் பார்த்த காந்தா கிட்டே வந்தாள். "இன்னாம்மா, கடைய மூடிட்ட?"

"நாலாவது மாடித் திருப்பத்துல கைப்பிடி ஆடுதுக்கா."

"நாங்க பொண்ணுங்க அல்லாம் அங்கதான் நின்னு மூச்சு வாங்குவோம்," என்றாள் காந்தா. கொஞ்ச நேரம் மேலேயே பார்த்தாள். பிறகு, குற்றவாளிபோல் பின்னால் நின்ற தினேஷின் பக்கம் திரும்பி, "எங்கிட்ட அப்டி இன்னா கோவம் உனக்கு? சொல்லியிருந்தா நானே லீவு போட்டிருப்பேனே" என்றாள். தினேஷ் தலையைக் குனிந்துகொண்டான். அவள் புடவைத் தலைப்பை உதறிக்கொண்டு, வர வேண்டாம் என்று பெண்களுக்குப் போன் போடப் போனாள்.

ஆபீசில் ஹரிஷ்குமார் தலையைப் பிடித்துக்கொண்டார். அந்த வேலையின் ஒப்பந்தப்படி, சிவப்பு அட்டை ஒருமுறை தொங்கினால் கன்சல்டன்டுக்குக் காரணத்தைக் கடிதமாக அனுப்ப வேண்டும். அவர்கள் ஆள் வந்து பார்த்த பிறகுதான் அட்டையை எடுக்கலாம். கன்சல்டன்ட் ஜூலியா மேடம் ரிச்சர்ட்ஸ் டவுனில் தம் வீட்டு முன்னறையையே ஆபீசாக வைத்திருந்தார். கையெழுத்தும் முத்திரையும் இல்லாத எந்தக் காகிதமும் அவருடைய கோப்பில் ஏறாது.

"ஒரு வாரம் போச்சு," என்றார் ஹரிஷ்குமார். "ஓனருக்கு நான் என்ன சொல்லட்டும்? ஆய்து பிடி, சரி விடுங்க. ஒண்ணு பண்ணுங்க. தொழிலாளர் அலட்சியம்னு எழுதுங்க. இந்த கேங்க அனுப்பிட்டு வேற கேங் போட்டோம்னு சேர்த்து எழுதிட்டா, யாரும் மேல கேள்வி கேக்க மாட்டாங்க. நானே டைப் பண்ணி வச்சிட்டேன். நீங்க சைன் போட்டா போதும்."

காகிதத்தை நகர்த்தி வைத்தார். ஆங்கிலத்தில் நாலே வரி. தப்பில்லாத வரிகள்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். சங்கமித்ரா பேனாவை எடுத்தாள், எடுத்த கை மேசையிலேயே கிடந்தது. வெளியே தண்ணீர்த் தொட்டியின் ஓரம் முனிகிருஷ்ணன் முகம் கழுவிக்கொண்டிருப்பது ஜன்னலில் தெரிந்தது. வேறு கேங் வரும். அவர்களிடமும் அவள் ஒரு நீலச் சாக்பீஸைக் கொடுப்பாள். அவர்களுக்கும் இரண்டு கைதான் இருக்கும்.

"நானே எழுதறேன் சார்" என்றாள்.

"எழுதுங்க. சீல் எங்கிட்டதான் இருக்கு" என்றார் அவர்.

அவள் எழுத நேரம் பிடித்தது. வரிசை தவறாமல் எழுதினாள். எழுதி முடித்ததும் முனிகிருஷ்ணனை உள்ளே கூப்பிட்டு, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் படித்துக் காட்டினாள். ஆப்புகளில் கோடு போடும் முறையை ஏற்படுத்தியவள் பாதுகாப்பு அதிகாரி. ஆப்பின் தலையில் மட்டும் கோடு போடச் சொன்னதால், அடிப்பதற்கு முன்பே போட இடமிருந்தது. ஆட்கள் கீழேயே போட்டார்கள். வேலையின் நடுவில் அவர்கள் பம்புக் குழாய் இழுக்க அழைக்கப்பட்டார்கள். திரும்பி வந்தபோது கோட்டை நம்பி, அடிக்காத ஆப்புகளை விட்டுவிட்டார்கள். இனி ஒரே கோடு ஆப்பின் மேலும் தகட்டின் மேலும் சேர்ந்து ஓட வேண்டும். பூட்டிய பிறகுதான் அப்படிப் போட முடியும். அடிக்க ஒருவர், கோடு போட ஒருவர். சாரம் கட்டும்போது அவர்களை வேறு வேலைக்குக் கூப்பிடக் கூடாது. அடியிலிருந்து உச்சிவரை எல்லா ஆப்புகளையும் பகல் வெளிச்சத்தில் இதே ஆட்கள் மறுபடி அடிப்பார்கள்.

"தினேஷு பேரு இல்லியா?" என்றார் முனிகிருஷ்ணன்.

"இல்ல."

"எம் பேரு?"

"சாரம் கட்டியவர்னு இருக்கு. அது நீங்கதானே?"

"அது நாந்தான்" என்று ஒத்துக்கொண்டார். பிறகு, "கோடு போட ஆள எங்கேந்து மேடம் புடிக்கறது? அவனவன் சுத்தி வேணும்பான்" என்று முணுமுணுத்துக்கொண்டே பெயின்ட் டப்பாவில் உட்கார்ந்தார்.

ஹரிஷ்குமார் கடிதத்தைப் படித்தார். மறுபடி படித்தார்.

"'அழைக்கப்பட்டார்கள்'. யார் அழைச்சாங்கன்னு கேப்பாங்க."

"கேப்பாங்க சார்."

"நான் என்ன சொல்லணும்?"

"ஆள் பத்தலன்னு சொல்லுங்க. அதானே நெஜம்."

முத்திரை இருந்த இழுப்பறையை அவர் திறக்கவில்லை. அதற்குள் அவர் மனைவியிடமிருந்து போன் வந்தது. ஸ்லாப் பூஜைக்குப் பூவும் பூசணிக்காயும் வாங்கியாயிற்று, காலையில் தாமும் வருவதாக அவர் கன்னடத்தில் சொல்வது எல்லோருக்கும் கேட்டது. கான்கிரீட் விழும் முன்னால் மேனேஜர் குடும்பத்தோடு முதலில் ஏறிப் போய் மேலே தேங்காய் உடைப்பது அவர்கள் கம்பெனி வழக்கம். ஹரிஷ்குமார் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டே ஜன்னல் வழியாகச் சாரத்தைப் பார்த்தார். நாலாவது தளத் திருப்பம் அங்கிருந்து நன்றாகவே தெரிந்தது.

"நாளே பேட," என்றார் போனில். "முந்தின வாரா." நாளைக்கு வேண்டாம், அடுத்த வாரம் என்று கன்னடத்தில்.

போனை வைத்துவிட்டு இழுப்பறையைத் திறந்தார். முத்திரையை மைப்பெட்டியில் அழுத்தி, கடிதத்தின் அடியில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். மை ஒரு பக்கம் திட்டாகப் படிந்தது. "திங்கக்கிழமை ஜூலியா மேடம் கிட்ட நீங்கதான் என்கூட வந்து உக்காரணும். நான் தனியா போக மாட்டேன்" என்றார்.

"வரேன் சார்."

"நாளைக்கு ஆப்பு அடிக்கறப்பவும் நீங்க இருக்கணும்."

"இருப்பேன்" என்றாள். பௌர்ணமி மாலை அதோடு போயிற்று. அம்மாவிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

ஆபீஸ் பையன்கள் எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு யார் கொண்டுபோவது என்று பார்த்தபோது, வாசலில் நின்ற தினேஷ், "நான் குடுத்துட்டு வரேன் மேடம். எங்க வீடு அந்தப் பக்கம்தான்" என்றான்.

"இதுல இன்னா எழுதிக்கீதுன்னு தெரியுமாடா உனக்கு?" என்றார் முனிகிருஷ்ணன்.

"வாசல்லதாண்ணா நின்னுக்கினு இருந்தேன்."

சங்கமித்ரா கையெழுத்துப் போட்டு, காகிதத்தை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தாள். பசை காய்ந்துபோயிருந்தது, விரலைத் தண்ணீரில் நனைத்துத் தடவி, மேசையின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். ஒட்டியதும் மேலே விலாசம் எழுதிக் கொடுத்தாள். தினேஷ் அதைச் சட்டைக்குள், நெஞ்சோடு சேர்த்துச் செருகிப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வண்டியை உதைத்தான்.