ஆத்தா இருந்த வீடு

சித்திரை விடுமுறைக்குக் காந்திமதி மந்தாரக்குப்பத்தில் வந்து இறங்கியபோது, வீட்டு நிலைப்படியில் வேப்பிலை சொருகியிருந்தது. 1963ஆம் வருஷம். சென்னையில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வரிசை வீடுகளில் குடியிருந்த கூலிக் குடும்பங்களில் பள்ளிக்கூடத்தை முடித்த பெண்ணே அவள் ஒருத்திதான்.

உள்ளே அண்ணன் பழனிவேல் வேப்பிலைப் படுக்கையில் கிடந்தான். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை அவனுக்கு. முகத்திலும் கைகளிலும் உள்ளங்காலிலும் ஒரே சீராகக் கொப்புளங்கள். ஆஸ்பத்திரி வார்டில் அவள் இதைப் பார்த்திருக்கிறாள். பெரியம்மை.

அம்மா மாணிக்கம்மாள் அவளைக் குளித்துவிட்டு வரச் சொன்னாள். ஈரத்துணியோடு உள்ளே வந்தவளிடம், "முத்து நல்லா எறங்கியிருக்கு. மூணாந்தண்ணி ஊத்திக் குளிப்பாட்டுனா ஆத்தா போயிடுவா" என்றாள்.

"அது கொப்புளம்மா. பெரியம்மை. ஆஸ்பத்திரிக்குச் சொல்லணும்."

அம்மா அவள் வாயைப் பொத்தினாள். ஆத்தா கேட்டுக்கொண்டிருக்கிறாள், அவள் எதிரில் இப்படிப் பேசலாமா என்று நடுங்கினாள். ஷிப்டு முடிந்து வந்த அப்பா கலியன் இரண்டு பேர் சொன்னதையும் கேட்டார். அம்மா சொல்வதுபோலவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலை காந்திமதி கண்விழித்தபோது, பக்கத்து வீட்டு ராஜாம்பாளின் சின்ன மகள் பழனிவேலின் காலடியில் உட்கார்ந்து வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். ஆத்தாவுக்குப் பணிவிடை செய்தால் நல்லது என்று ராஜாம்பாளே அனுப்பியிருந்தாள். அந்தப் பிள்ளையின் கையில் அம்மை குத்திய தழும்பு இல்லை.

காந்திமதி யாரிடமும் சொல்லாமல் சுரங்கத்து டவுன்ஷிப்புக்கு நடந்தாள். ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னாள். எத்தனை நாள் காய்ச்சல், கொப்புளம் எங்கே முதலில் வந்தது என்று அவள் சொன்ன விதத்தை டாக்டர் பாராட்டினார். அந்த நேரத்திலும் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

திரும்பும்போது ஆஸ்பத்திரி வேனில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். வரிசை மொத்தமும் வெளியே வந்து பார்த்தது. மூக்கில் துணி கட்டிய ஆட்கள் இறங்கினார்கள். மாணிக்கம்மாள் நிலைப்படியில் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"ஆத்தா இருக்கற வூடு. செருப்புக் காலோட வராதீங்க."

வேனில் வந்த சுகாதார இன்ஸ்பெக்டர் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. காந்திமதியின் பக்கம் திரும்பி, இந்த அம்மாள் தகராறு செய்வாளா என்று ஆங்கிலத்தில் கேட்டார். பாவம், அவளுக்கு விவரம் தெரியாது என்று காந்திமதியும் ஆங்கிலத்திலேயே சொன்னாள். மாணிக்கம்மாளுக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்தது. விரித்திருந்த கைகள் தாமாகத் தாழ்ந்தன.

உள்ளே பழனிவேல் சுவரைப் பிடித்து எழுந்து நின்றான்.

"வழி வுடும்மா. நானே நடந்து போறேன்."

ஊருக்கு வெளியே நோயாளிகளுக்கென்று போட்டிருந்த கொட்டகைக்கு அவனைக் கொண்டுபோனார்கள். வரிசையில் எல்லாருக்கும் அம்மை குத்தினார்கள். மாணிக்கம்மாளைக் கொட்டகைக்குள் விடவில்லை. தினமும் வெயிலில் வேலிக்கு வெளியே நின்றுவிட்டு வருவாள். காந்திமதி கூடப் போகக் கிளம்பினால் அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவாள்.

பழனிவேல் பிழைத்து வந்தான். வலது கண்ணில் பூ விழுந்திருந்தது. வரிசையில் வேறு யாருக்கும் நோய் வரவில்லை. அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஆத்தாவைப் பாதியில் எழுப்பி அனுப்பியதால் கண்ணை எடுத்துக்கொண்டாள் என்றுதான் பேசினார்கள்.

காந்திமதி அம்மாவை உட்காரவைத்து, இந்த நோயில் கண் எப்படிக் கெடுகிறது, வீட்டில் இருந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று பொறுமையாக விளக்கினாள். அம்மா கடைசிவரை கேட்டாள்.

"நீ சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆஸ்பத்திரியில டாக்டருங்க இருக்காங்க. எனக்குன்னு வூட்டுல ஒரு பொண்ணு இருந்தாளே."

காந்திமதி விடுமுறை முடியும் முன்பே பெட்டியைக் கட்டினாள்.

பஸ்ஸுக்குப் பழனிவேல் மட்டும் வந்தான். பெட்டியைத் தரவே மாட்டேன் என்று தானே தூக்கி வந்தான். ஆடியில் ஆத்தாவுக்குக் கூழ் ஊற்றுவதாக அம்மா வேண்டிக்கொண்டிருக்கிறாள் என்றான்.

"அப்ப வருவியா பாப்பா?"

"பரீட்சை இருக்குண்ணே."

ஆடியில் அவளுக்குப் பரீட்சை எதுவும் இல்லை. அவன் பஸ் வருகிறதா என்று தலையைத் திருப்பிப் பார்த்தான்.