மணல் பாதையின் வாயில்

மருந்துக்கடைக்காரருக்குக் கடையை மூட வருஷத்தில் ஒரு தடவைதான் மனசு வரும். மூடிவிட்டால் அந்த விடுமுறையிலேயே உலகத்தைப் பார்த்து முடித்துவிட வேண்டும் அவருக்கு. காலையில் பழைய கோட்டை, அதில் கால் வைப்பதற்குள் அருவி, அருவியில் கால் நனைவதற்குள் அடுத்த இடம். கோட்டையைக் கட்டியவன்கூட அதை அவ்வளவு வேகமாகச் சுற்றி வந்திருக்க மாட்டான். மலைப்பாதை வளைவுகளில் குமட்டல் தாங்காமல் மகள் பின்சீட்டில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தாள்.

மலையிலிருந்து இறங்கும்போது ஒரு வளைவில், ரோட்டை விட்டுப் பிரிந்து மேட்டில் ஏறி முடிந்துவிடும் குட்டிப் பாதை ஒன்று உண்டு. அது முழுக்க மணலைக் கொட்டியிருந்தார்கள். பிரேக் பிடிக்காத லாரி அதில் ஏறினால் சக்கரம் புதைந்து நின்றுவிடும். அதற்காகவே போட்ட பாதை. 'வண்டி நிறுத்தாதீர்' என்று பலகையும் இருந்தது. ஆனால் பள்ளத்தாக்கும் பழைய கல்பாலமும் ஒரே படத்தில் விழுவது அங்கிருந்துதான். அதனால் பாதையின் வாயை அடைத்துக்கொண்டு ஏற்கெனவே கார்கள் நின்றன.

"நிறுத்தக் கூடாதுன்னு போட்டிருக்கு, பாருங்க" என்றாள் மனைவி.

"ஊரே நிறுத்தியிருக்கு, நமக்கு மட்டும் என்ன? ரெண்டே நிமிஷம்."

அந்தப் பலகையைப் படித்த எல்லாருமே அது அடுத்தவனுக்கு எழுதியது என்றுதான் நினைத்தார்கள். மகளைக் காருக்கு முன்னால் நிறுத்தி, "கொஞ்சம் தள்ளி நில்லும்மா, பாலத்த மறைக்கிற" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது மேலே ஹாரன் கேட்டது. விடாமல் கேட்டது.

"எதுக்கு இப்படி அலறுறான்? கொஞ்சம் பொறுத்தா குடியா முழுகிடும்?" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வளைவில் லாரி தெரிந்தது. விளக்குகளை எரித்து எரித்து அணைத்தபடி மணல் பாதையைப் பார்த்துத்தான் வந்தது. பாதையின் வாயில் கார்கள். கார்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழத்தோடு மகள். லாரி கடைசி நேரத்தில் சட்டென்று திரும்பிப் பாறையில் மோதியது.

மருந்துக்கடைக்காரர்தான் முதலில் ஓடினார். ஓட்டுநர் ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவே நசுங்கிக் கிடந்தார்.

"பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகலண்ணே. நல்லா இருக்கா."

"மணல்ல ஏத்திடலாம்னுதான் வந்தேன். எடமில்ல."

ஓட்டுநர் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். ஆம்புலன்ஸ் வருவதற்குள், மணிக்கட்டைப் பிடித்திருந்த மருந்துக்கடைக்காரரின் விரல்களுக்கடியில் நாடி நின்றுபோனது. அதற்குள் மற்ற கார்களும் ஒவ்வொன்றாக நழுவிவிட்டன.

"அந்த மாமா எனக்காகவா திருப்பினாரு?" என்று மகள் கேட்டாள். ஆம்புலன்ஸ் உடலை ஏற்றிக்கொண்டு போனதும் அவர் காரை எடுத்தார். முழுதாக வெளியே எடுப்பதற்குள் இன்னொரு கார் பக்கத்தில் வந்து நின்றது.

"சார், கிளம்புறீங்களா? அந்த எடத்துல நாங்க போட்டுக்கலாமா?"

மருந்துக்கடைக்காரர் இறங்கிப் போய்க் கைகூப்பினார். சட்டையெல்லாம் ரத்தம்.

"இங்க நிறுத்தாதீங்க. இப்பதான் ஒருத்தர் செத்துப்போயிட்டார்."

"அடப் பாவமே. நாங்க ரெண்டே நிமிஷம் சார், ஒரு போட்டோ."

"இது போட்டோ எடுக்கிற எடம் இல்லைங்க. பிரேக் போனவனுக்கு உயிர் பொழைக்க இருக்கிற ஒரே வழி. நானும் ரெண்டு நிமிஷம்னுதான் நிறுத்தினேன். நம்ம வசதிக்குச் சட்டத்த மீறுனா, அதுக்கான தண்டனை நமக்கு வராது, சம்பந்தமே இல்லாத ஒருத்தனோட வீட்டுக்குப் போய்ச் சேரும். தயவுசெஞ்சு மறிக்காதீங்க."

வந்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, அவரைச் சுற்றி ஒடித்துப் போய், மணல் பாதையின் வாயில் காரை நிறுத்தினார்.